திரும்பி வர வேண்டிய கால்

பழுதுபார்க்கத் தக்க பொருளை வைத்திருப்பவர், அதற்கு மாற்று கைக்கு வந்து சேரும்வரை பழையதைத் தம்மிடமே வைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ராணுவத்தின் பொருள் வழங்கல் விதிகளில் இந்தக் கருத்தில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. நல்ல விதி. சுருக்கமானது, இரண்டு அர்த்தம் தராதது. ஸ்டோர்ஸ் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாக என்னாலும் எழுதியிருக்க முடியாது. ஆனால் அது எனக்கு உரிய காலத்தில் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது எங்கள் கிடங்கின் விதி. பழையதை ஒப்படைத்தால்தான் புதியது.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான மத்திய ஸ்டோர்ஸில் நான் கண்காணிப்பாளர். நிலக்கரி வெட்டும் ராட்சத இயந்திரத்தின் பல் முதல் பென்சில் ரப்பர் வரை எல்லாம் என் கையெழுத்தில்தான் வெளியே போகும். கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணி போனதில்லை என்பது அந்த நாளில் எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேறு விஷயங்கள் அப்போது எனக்கு அதிகம் இல்லை.

எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் ஒருவரை எல்லாரும் ‘மிலிட்டரி’ என்றே கூப்பிடுவோம். காடாம்புலியூர்ப் பக்கத்துக்காரர். எழுபத்தொன்றில் கிழக்கு வங்கத்தில் நடந்த யுத்தத்தில் கண்ணிவெடியை மிதித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ராணுவம் ஒரு செயற்கைக் கால் கொடுத்து ஊருக்கு அனுப்பியது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் எங்களிடம் வந்து, பர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் வாங்கிவிட்டார். ரேக்குகளில் ஏணி வைத்து ஏறிப் பொருள் எடுத்துத் தருவது அவருடைய வேலை. இரண்டு காலும் உள்ள பலரைவிட வேகமாக ஏறுவார்.

அந்தச் செயற்கைக் காலை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். தொடையில் இறுக்கிக் கட்டத் தோல் கச்சை, முழங்காலின் இரு பக்கமும் எஃகுக் கீல், அதற்குக் கீழே மரம், நுனியில் ரப்பர் பாதம். ஒரு ஜனவரி மாதக் காலையில் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சார், கால் ஆடிக்கினு இருக்குது. கீலுல ஒரு ஸ்க்ரூ தேஞ்சி போச்சி. பண்ருட்டி வரிக்கும் தேடிப் பாத்துட்டேன், மறை பொருந்தல. நம்ம பன்னெண்டாம் நம்பர் ரேக்குல அச்சா அதே சைசு கெடக்குது. ஒண்ணு குடுத்தீங்கன்னா நானே முடுக்கிக்குவேன்.”

“எந்த வேலைக்குன்னு இண்டெண்ட்ல எழுதறது?” என்று பொருள் கேட்கும் சீட்டை எடுத்தேன்.

“என் காலுக்குன்னுதான்.”

“உங்க கால் நம்ம சொத்துப் பட்டியல்ல இல்லைங்களே.”

“நல்லவேளைங்க. இருந்திருந்தா வருசா வருசம் பெயின்ட் அடிச்சி நம்பர் எழுதியிருப்பீங்க.”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்க்ரூ மட்டும் கொடுக்கவில்லை. அது வெளிநாட்டு இயந்திரத்துக்கென்று வரவழைத்தது. அதற்குத் தனி அட்டை, தனிப் பூட்டு.

வெறுங்கையோடு அவரை அனுப்ப மனம் வரவில்லை. ஒரு ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஒரு முழுக் காலையே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ராணுவத்தில் ஊனமுற்றவருக்கு மாற்றுக் கால் பெற உரிமை உண்டு. அதை முறைப்படி கேட்டு எழுத எங்கள் கட்டடத்தில் என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே ராணுவத்துக்குக் கடிதத்தை எழுதினேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸில் எந்தப் பழைய பொருளையும் மூன்று வகையில்தான் சேர்ப்போம். நல்ல நிலை, பழுதுபார்க்கத் தக்கது, பயனற்றது. தாளில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வரும். எஸ், ஆர், யு. மின்விசிறி சுற்றும்போது சத்தம் போட்டால் அது ஆர். ஆனால் ஆர் என்று எழுதினால் விசிறி பணிமனைக்குப் போய் ஒரு வருடம் மூலையில் கிடக்கும். யு என்று எழுதினால் அடுத்த வாரம் புது விசிறி வந்துவிடும். ஆகவே நெய்வேலியில் சத்தம் போட்ட விசிறிகள் எல்லாமே பயனற்றவை. யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. அது ஒரு எழுத்து முறை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன், மேற்படி செயற்கைக் கால் முற்றிலும் பயனற்றது என்று. படித்தும் காட்டினேன்.

மிலிட்டரி கொஞ்சம் நெளிந்தார். “முற்றிலும்னு போடணுங்களா சார்? இதுலதான நடந்து வந்தேன்.”

“அது உங்களுக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.”

“நீங்க சொன்னா சரிதாங்க.”

பழைய காலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்கும்படி கடைசி வரியில் கேட்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு, கீழே வழக்கம்போல் நகல்களைக் குறித்தேன். பணியாளர் பிரிவுக்கு ஒன்று, மருத்துவப் பிரிவுக்கு ஒன்று, தகவலுக்காக. யாரும் கேட்கவில்லை. நகல் இல்லாமல் கடிதம் எழுதினால் எனக்கு மேல்சட்டை இல்லாமல் ரோட்டில் நடப்பது போல இருக்கும்.

ஒரு மாதம் பதில் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பழையது வராமல் அவர்கள் எப்படிப் புதியதைத் தருவார்கள்? எந்தக் கிடங்குக்காரனும் தர மாட்டான். நானே தர மாட்டேன். மிலிட்டரியைக் கூப்பிட்டு, காலைக் கழற்றிக் கொடுத்துவிடும்படி சொன்னேன்.

“அதுவரிக்கும் எதுல சார் நடக்கறது?”

“ஆஸ்பத்திரியில ஊன்றுகோல் வாங்கித் தரேன். மூணு வாரம். லீவு இருக்கில்ல?”

“முப்பது நாள் இருக்குது.”

“பிறகென்ன?”

தோதான பெட்டி ஒன்றைத் தேடி, பேரிங் வந்த பலகைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அந்தக் காலை வைத்தோம். கணுக்காலில் ஒரு அட்டையைக் கட்டி, சிவப்பு மையில் என் கையாலேயே யு என்று எழுதினேன். கடிதம் போன அதே ராணுவ முகவரிக்கு ரயில் பார்சலில் அனுப்பிவிட்டு, ரசீதைக் கோப்பில் சேர்த்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் ஊன்றுகோல்களோடு பஸ் நிறுத்தம்வரை போவதை ஜன்னலில் பார்த்தேன். காக்கி பேன்ட்டின் வெற்று இடது கால் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் ஆறு வாரமாயிற்று. புதிய கால் வரவில்லை. வந்தது மருத்துவப் பிரிவிலிருந்து ஒரு ஓலை. நான் தகவலுக்காக அனுப்பிய நகலை அங்கே ஒருவர் உண்மையிலேயே படித்துவிட்டார். இத்தனை வருட வேலையில் என் நகலை யாராவது படித்ததாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான். இந்த ஊழியரின் கால் முற்றிலும் பயனற்றது என்று அவருடைய கண்காணிப்பாளரே சான்றளித்திருக்கிறார், ஏணி ஏறும் வேலைக்கு இவர் தகுதியானவர்தானா என்று மருத்துவக் குழு ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். ஜூன் மாதம் குழு கூடும். தகுதியற்றவர் என்றால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்.

மிலிட்டரி அதை ஊன்றுகோலில் சாய்ந்து நின்றபடி படித்தார். “நீங்க போட்ட லெட்டரு நல்லா வேல செய்யுதுங்க சார்” என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் நினைவூட்டல் கடிதங்களைத் தொடங்கினேன். முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், பிறகு அவசரம் என்று மேலே சிவப்பு முத்திரை. ஓய்வு பெற்றபின் நூலகத்தில் ஒரு தடித்த சரித்திரப் புத்தகத்தில் படித்தேன்: அமெரிக்கா குடியரசான புதிதில், சிப்பாய்களுக்கு உடுப்பும் காலணியும் வாங்கும் பொறுப்பு சில வருடங்கள் போர்த் துறையிடம் இல்லாமல் கருவூலத் துறையிடம் இருந்ததாம். காட்டு எல்லையில் இருந்த கோட்டைகளுக்குத் துணிமணி போய்ச் சேர ஏகப்பட்ட தாமதம். அங்கே நடுங்கிக்கொண்டிருந்தவன் நினைவுக்கு வருவதற்கு முன்னால், தலைநகரில் உட்கார்ந்து படிவத்தைத் திருப்பி அனுப்பிய குமாஸ்தாவின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

பணிமனையில், வார்ப்பு வேலைக்கு மரத்தில் மாதிரி செய்யும் தொழிலாளி ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மிலிட்டரியின் பக்கத்து வீடு. அவர் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். பண்ருட்டிப் பலாமரக் கட்டை ஒன்றை வாங்கி, மதிய இடைவேளைகளில் செதுக்கி ஒரு கால் செய்துவிட்டார். அடியில், கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டை வெட்டி ஆணி அடித்திருந்தார். மஞ்சள் நிறக் கால். ஏப்ரல் மாதம் ஒரு நாள் மிலிட்டரி ஊன்றுகோலோடு உள்ளே வந்து, பணிமனையில் அதை மாட்டிக்கொண்டு வேலையில் சேர்ந்தார்.

உள்ளே வந்தது பிரச்சினை இல்லை. சாயங்காலம் வெளியே போகும்போது கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார்.

“அடியில இருக்கறது கம்பெனி பெல்ட்டு. பாஸ் எங்க?”

“காலுக்கெல்லாம் பாஸ் கேக்கறீங்களே, நாளைக்கு வயித்துல இருக்கற கேன்டீன் சோத்துக்கும் கேப்பீங்களா?” என்றாராம் மிலிட்டரி.

“சோறு திரும்ப வராது, விட்டுருவோம்” என்றாராம் அவர்.

கேட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. செக்யூரிட்டி சொன்னது விதிப்படி சரி. கழித்துப்போட்ட பெல்ட்டும் நிறுவனத்தின் பொருள்தான். கேட் பாஸில் இரண்டு வகை. திரும்பி வர வேண்டிய பொருளுக்கு ரோஸ் தாள், திரும்பி வராத பொருளுக்கு வெள்ளைத் தாள். வெள்ளைத் தாள் என்றால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ரோஸ் தாளுக்கு என் கையெழுத்து போதும். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு ரோஸ் தாள் எழுதினேன். பொருள்: ரப்பர் அடியுடன் கூடிய மரக்கால், எண்ணிக்கை ஒன்று. திரும்பி வர வேண்டிய நேரம்: மறுநாள் காலை ஷிஃப்ட். மிலிட்டரி அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வூட்டுக்குப் போயி காலை நீட்டி வைக்கலாங்களா, இல்ல அதுக்கும் எழுதணுமா?” என்பார். ஒரு நாளாவது, போய்யா, உன் காலை நீ கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றக்கூட இல்லை. இப்படி ஒரு வழி கண்டுபிடித்ததே என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தப் பலாமரக் காலில் ஏணி ஏறினார். முன்போல வேகமாக இல்லை, ஆனால் ஏறினார்.

ஜூன் மாதம் குழு கூடியது. நானும் சாட்சியாகப் போனேன். மிலிட்டரி அவர்கள் முன்னால் நடந்து காட்டினார், உட்கார்ந்து எழுந்தார், படி ஏறி இறங்கினார். டாக்டர் நல்ல மனிதர். காலைத் தட்டிப் பார்த்து, “வேலைப்பாடு ரொம்ப அருமைங்க” என்றுகூடச் சொன்னார். பிறகு படிவத்தைப் பார்த்தார். செயற்கை உறுப்பு எந்த நிறுவனத்தால் வழங்கப்பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது.

“இதுல என்ன எழுதறது? பக்கத்து வீட்டுக்காரர்னா?”

“ராணுவம் கொடுத்த கால் பழுது பார்க்கப் போயிருக்குன்னு எழுதுங்க” என்றேன்.

“முற்றிலும் பயனற்றதுன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்திருக்கீங்க?”

“அது எழுத்து வழக்கம். உண்மையில பழுதுபார்க்கத் தக்கதுதான். மாத்தித் தரேன்.”

“தாங்க. மாத்தினா நான் ஒத்துக்கறேன்.”

மாற்றித் தர முடியவில்லை. ஒரு பொருளுக்குக் கொடுத்த வகையை மாற்ற வேண்டும் என்றால், அந்தப் பொருளை மறுபடி நேரில் பார்வையிட்டுத்தான் மாற்றலாம். அந்த விதியை எங்கள் பிரிவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவனே நான்தான். பொருள் வடக்கே எங்கேயோ ஒரு ராணுவக் கிடங்கில், என் சிவப்பு மை அட்டையோடு படுத்திருந்தது. பார்க்காமல் மாற்றி எழுதியிருக்கலாம். டாக்டர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜூலை முதல் வாரம் உத்தரவு வந்தது. தகுதியற்றவர். ஆனால் அதிலேயே ஒரு ஜன்னலும் வைத்திருந்தார்கள். ராணுவத்திடமிருந்து அந்தக் காலைப் பற்றிய பதில் ஏதாவது செப்டம்பர் முடிவதற்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால் வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு வந்தால் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் வந்ததில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். வாசற்படியிலேயே நின்றார்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அவரு உங்ககிட்ட என்னா கேட்டாரு?”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“ஒரு ஸ்க்ரூதான சார் கேட்டாரு? புதுக் காலு குடுங்கன்னு கேட்டாரா?”

“இல்லம்மா. ஆனா முறைன்னு ஒண்ணு...”

“காலையும் அனுப்பிட்டீங்க, வேலையும் போச்சி. இப்ப வூட்ட காலி பண்ணச் சொல்றாங்க. அவரு பேசாம குந்திக்கினு இருக்காரு. ஒங்கள ஒரு வார்த்த வைய மாட்டேங்கறாரு. எங்க சாரு நல்லதுக்குத்தான் செஞ்சாருன்றாரு. அதக் கேக்கத்தான் எனக்கு வவுறு எரியுது.”

என் மனைவி காபி கொண்டு வந்தாள். அவர் அதை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

வெளியேறுவதற்கு முன், யாரிடமும் எந்தப் பொருளும் பாக்கி இல்லை என்ற சான்றிதழில் எல்லாப் பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோர்ஸ் கடைசி. ஜூலை இருபத்து நான்கு அன்று மிலிட்டரி வந்தார்.

“காலைக் கழட்டி வச்சிட்டுப் போகணுங்களா சார்? அடியில பெல்ட்டு இருக்குதே.”

வேடிக்கையாகக் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவரும் ஸ்டோர்ஸ்காரர்தான். உண்மையிலேயே கேட்டார்.

வெள்ளைத் தாள் கட்டை எடுத்தேன். திரும்பி வராத பொருள். மேலதிகாரி ஒப்புதல் என்ற இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். என் வேலைக் காலம் முழுவதிலும் விதியை மீறி நான் செய்தது அது ஒன்றுதான். அப்போதும் மீறியது, அவர் வெளியே போவதற்காக.

அதன் பிறகு நான் காத்திருந்தேன். தபால் கட்டை நானே பிரித்தேன். ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் கடைசி நாளும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. அது வந்து பத்து நாள் கழித்து, அதே பலகைப் பெட்டியில் கால் வந்தது. தேய்ந்த ஸ்க்ரூவை மாற்றி, கச்சைக்குப் புது வார் போட்டிருந்தார்கள். அட்டையில் என் சிவப்பு யு-வை அடித்துவிட்டு, நீலப் பென்சிலில் ஆர் என்று எழுதியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காடாம்புலியூர் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு சிறிய வீடு. அவர் பலாமரக் காலோடு முந்திரிச் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

மிலிட்டரி பெட்டியைத் திறந்து, கட்டைவிரலால் கீலை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

“ஸ்க்ரூ போட்டுட்டாங்க” என்றார்.

கடிதத்தையும் காட்டினேன். என் நினைவூட்டல்கள் எதற்கும் அது பதில் இல்லை. ஜனவரியில் நான் எழுதிய முதல் கடிதத்தின் கடைசி வரிக்குப் பதில். பழைய காலை அனுப்ப வேண்டியதில்லை, மாற்றுக் கால் தயாராகும்வரை அதையே பயன்படுத்தலாம் என்று எழுதி, நான் முதலில் சொன்ன உட்பிரிவைக் குறிப்பிட்டிருந்தார்கள். இது ஜூனில் கையில் இருந்திருந்தால், அந்தக் கால் பயன்படுத்தத் தக்கது என்று ராணுவமே சொல்கிறது என்று டாக்டர் ஒத்துக்கொண்டிருப்பார்.

அவர் கடிதத்தை விட்டுவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டோர்ஸ்காரர் அப்படித்தான் பார்ப்பார். எங்கள் அலுவலகத்தின் வரவு முத்திரையில் இருந்த தேதியை விரலால் தொட்டார்.

“செப்டம்பர் முடிஞ்சி ஒம்போது நாளு” என்றார். பிறகு மெதுவாக, “இந்த சீலு உங்ககிட்டதான சார் இருக்கும்?”

“ஆமாம்.”

“சக்கரத்தத் திருப்பினா தேதி மாறும்ல?”

“மாறும்.”

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். உறையை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடிதம் வந்த காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்ததும் நாட்காட்டியைப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. முத்திரையின் ரப்பர்ச் சக்கரம் முந்தின நாளில் நின்றிருந்தது. பின்னோக்கி எட்டு நாள், செப்டம்பர் முப்பதுக்குத் திருப்பியிருந்தால் ஒரு மனிதர் மறுபடி ஏணி ஏறியிருப்பார். விரல் சக்கரத்தின் மேல் இருந்தது. முன்னோக்கி ஒரு நாள் திருப்பினேன். மையில் தொட்டு, கலங்காமல் விழ வேண்டும் என்று இரண்டு கையாலும் அழுத்தினேன். தெளிவாக விழுந்தது: அக்டோபர் 9.